விவாகரத்து: போம் நிரப்ப முன் தெரிய வேண்டியவை

(புக்கெகோஹியில் புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நடந்த தகவல் சந்திப்பில், எமது தொண்டர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைப்பைப் பார்த்திட்டு இரண்டு பேர் வாசலிலேயே நின்றவை. உள்ளுக்கு வாங்கோ. இந்தக் கூட்டத்துக்கு வந்தவர் எல்லாம் விவாகரத்து எடுக்கப் போறார் என்று ஒருவரும் நினைக்க மாட்டினம். தங்கச்சிக்காக வந்தவை இருப்பினம், பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளைக்காக வந்தவை இருப்பினம்.

முதலில் ஒரு விசயம். நான் சட்டத்தரணி இல்லை. ஊரில் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், இங்கே உங்களைப் போன்றவர்களுடன் அலுவலகங்களுக்குப் போய் வாறன், அவ்வளவுதான். இந்த நாட்டில் விசா பற்றி ஆலோசனை சொல்ல சட்டத்தரணிக்கும், உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகருக்கும், சட்டம் விலக்களித்த ஒரு சிலருக்கும்தான் அனுமதி. 2007ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆகவே நான் சொல்வதைக் கேட்டுவிட்டு, எந்தக் கேள்வியை யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போங்கோ. அதற்குத்தான் இந்தப் பேச்சு.

ஊரில் விவாகரத்து என்றால் என்ன நினைக்கிறோம்? யார் பிழை என்று நிரூபிக்க வேணும். இலங்கையின் பொது விவாகச் சட்டத்தில் இன்றைக்கும் காரணம் மூன்றுதான்: விபசாரம், வன்மத்துடன் கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. மாவட்ட நீதிமன்றத்தில் ஒருவர் மற்றவரைக் குற்றவாளி ஆக்க வேண்டும். அந்தப் பயத்தோடுதான் இங்கேயும் எங்கள் ஆட்கள் கோர்ட் படி ஏறுகிறார்கள். "நான் அவரைப் பற்றிக் கூடாமல் சொல்ல வேண்டி வருமோ?" இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி.

வேண்டாம். நியூசிலாந்தில் 1980ஆம் ஆண்டின் குடும்ப நடவடிக்கைகள் சட்டப்படி காரணம் ஒன்றே ஒன்று: திருமணம் திரும்பச் சேர்க்க முடியாதபடி முறிந்துவிட்டது. அதற்கு அத்தாட்சி, விண்ணப்பிக்க முன் இரண்டு வருடம் பிரிந்து வாழ்ந்திருப்பது. யார் பிழை, யார் குடித்தது, மாமியார் என்ன சொன்னவ என்று கோர்ட் கேட்காது. இந்த நாடும் எப்பவும் இப்படி இருந்ததில்லை. 1867இல் முதல் விவாகரத்துச் சட்டம் வந்தபோது மனைவி தவறினால் கணவன் விவாகரத்து எடுக்கலாம், ஆனால் கணவன் தவறினால் மட்டும் மனைவிக்குப் போதாது, அதற்கு மேலும் கொடுமை அல்லது கைவிடல் ஏதாவது காட்ட வேணும். அதைச் சமமாக்க 1898 வரை சென்றது. வெள்ளைக்காரருக்கு எல்லாம் லேசாகக் கிடைத்தது என்று நினைக்காதேங்கோ.

இந்த இரண்டு வருடத்தைப் பற்றித்தான் கொஞ்சம் நிறுத்திப் பேச வேணும். எங்கள் ஆட்களுக்கு இதில்தான் சிக்கல்.

கணவன் ஊரில், நீங்கள் இங்கே, ஐந்து வருடம் ஆகிவிட்டது. இது ஐந்து வருடப் பிரிவா? இல்லை. கடல் நடுவில் இருப்பது மட்டும் பிரிவு ஆகாது. குடும்பம் முடிந்துவிட்டது என்று உங்களில் ஒருவராவது முடிவெடுத்து, அப்படியே வாழத் தொடங்கிய நாளில் இருந்துதான் கணக்கு. போன மாதம் வரைக்கும் "வந்து சேருங்கோ, காத்துக்கொண்டிருக்கிறன்" என்று போனில் கதைத்திருந்தால், கணக்குத் தொடங்கவே இல்லை. மறுபக்கம், ஒரே வீட்டில் இருந்தபடியே பிரிந்து வாழ்வதும் நடக்கும். வாடகை கொடுக்க வழியில்லாமல் ஒரே கூரையின் கீழ் வேறு வேறு அறையில் இருப்பவர்களை எனக்குத் தெரியும். அதைக் கோர்ட் ஏற்கலாம், ஆனால் சமையல், காசு, படுக்கை எல்லாம் தனி என்று விளக்க வேண்டி வரும். இடையில் சமாதானமாகிச் சேர்ந்து பார்த்தீர்கள், சரிவரவில்லை என்றால், மொத்தமாக மூன்று மாதத்துக்கு மேல் போகாதவரை கணக்கு முறியாது. பெரியவர்கள் சொல்லி ஒருக்கால் சேர்ந்து பார்க்கப் பயப்பட வேண்டியதில்லை.

பிரிந்ததை எங்கேயும் பதிய வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால்தான் தேதியை நீங்களே காப்பாற்ற வேணும். ஒரு கொப்பியில் எழுதுங்கோ. "இன்றிலிருந்து நாங்கள் பிரிந்துவிட்டோம்" என்று ஒரு மெசேஜ் அனுப்பி, அதை அழிக்காமல் வைத்திருங்கோ. தனி வங்கிக் கணக்கு திறந்த நாள், வீடு மாறிய நாள், வேர்க் அண்ட் இன்கம்முக்கு அறிவித்த நாள், எல்லாம் குறித்து வையுங்கோ.

இனி நான் சொல்லப்போவது அகதிக் கோரிக்கை போட்டவர்களுக்கு. நீங்கள் கோர்ட்டில் கொடுக்கும் சத்தியக்கடதாசியில் ஒரு தேதி இருக்கும். குடிவரவுத் திணைக்களத்தின் அகதிகள் பிரிவுக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு தேதி இருக்கும். உதவிப்பணத்துக்குக் கொடுத்த போமில் இன்னொரு தேதி இருக்கும். மூன்றும் வேறு வேறாக இருந்தால், விவாகரத்து கிடைத்தாலும் கிடைக்கும், ஆனால் "இவர் சொல்வதை நம்பலாமா" என்ற கேள்வி அகதிக் கோரிக்கையில் எழும். எங்கள் கோரிக்கைகள் பலவற்றுக்கு எங்கள் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. அது உங்களுக்கே தெரியும். ஆகவே விவாகரத்துப் போமில் கையெழுத்து வைக்க முன், உங்கள் அகதிக் கோரிக்கையைப் பார்க்கும் சட்டத்தரணிக்கு அதைக் காட்டுங்கோ. முதலில் "திருமணமானவர்" என்று எழுதிக் கொடுத்து, பிறகு பிரிந்திருந்தால், அவர் மூலமே திருத்தம் கொடுங்கோ. நிலைமை மாறியதைச் சொல்வது பொய் ஆகாது. மறைத்துவிட்டு அவர்களே கண்டுபிடித்தால்தான் கரைச்சல்.

இன்னொரு மிரட்டல் அடிக்கடி கேட்கிறேன். "நீ கோர்ட்டுக்குப் போனால் உன்ரை கேஸை நான் கான்சல் பண்ணுவன், உன்னைத் திருப்பி அனுப்புவாங்கள்." உங்கள் பெயரில் நீங்கள் போட்ட கோரிக்கையை வேறொருவர் திரும்ப எடுக்க முடியாது. 2009ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில், கோரிக்கை இறுதியாக முடிவாகும் வரை பொதுவாக உங்களை நாடு கடத்த முடியாது என்று இருக்கிறது. நீங்கள் கோரிக்கை போட்டிருக்கும் விசயத்தையே இரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் இருவரும் ஒன்றாக வந்து, எல்லாவற்றையும் கணவரே கதைத்து, உங்களுக்கென்று தனிக் கோரிக்கை இருக்கிறதா என்றே தெரியாமல் இருந்தால், நாளைக்கே ஒரு சட்டத்தரணியிடம் கேளுங்கோ. விவாகரத்தை விட அது அவசரம்.

அடி உதை இருக்கிற வீடுகளைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டு வருடம் காத்திரு என்று அடி வாங்கின பெண்ணிடம் சொல்வது என்ன நியாயம் என்று இந்த நாட்டிலேயே கேட்டார்கள். ஆஷ்லி ஜோன்ஸ் என்ற பெண் தனக்கு நடந்ததை வெளிப்படையாகச் சொல்லிப் போராடினார். 2024இல் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2025 ஒக்டோபரில் அது நடைமுறைக்கு வந்தது. இப்போது கணவனுக்கோ மனைவிக்கோ எதிராக இறுதிப் பாதுகாப்பு உத்தரவு பெற்றிருப்பவர், இரண்டு வருடம் காத்திருக்காமல் விவாகரத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

பாதுகாப்பு உத்தரவு 2018ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் வருவது. விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. ஆபத்து என்றால் மற்றவருக்கு முன்கூட்டி அறிவிக்காமலேயே தற்காலிக உத்தரவு கேட்கலாம். மற்றவர் எதிர்க்காவிட்டால் மூன்று மாதத்தில் அது தானாகவே இறுதி உத்தரவாகும். வன்முறை என்றால் அடி மட்டும் இல்லை. காசைப் பிடித்து வைத்தல், பயமுறுத்தல், போனைப் பறித்தல், பாஸ்போட்டை ஒளித்தல் எல்லாவற்றையும் சொல்லலாம். சீதனத்தை வைத்துச் செய்யும் கொடுமையையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. அதை வாசித்தபோது எனக்கே ஆச்சரியம். எங்கள் வீட்டுக் குசினிக்குள் நடப்பது வெலிங்டனில் எழுதின சட்டத்தில் இருக்கிறது! ஆகவே "இதெல்லாம் வெள்ளைக்காரருக்கு விளங்காது" என்று வாயை மூடிக்கொண்டு இருக்காதேங்கோ. துணைவர் நியூசிலாந்துக் குடியுரிமையோ வதிவிட உரிமையோ உள்ளவர் என்றால், வன்முறையால் பிரிந்தவருக்கென்று தனி விசா வழியும் உண்டு. அதையும் சட்டத்தரணியிடம் கேளுங்கோ.

இனி விண்ணப்பம். இருவரும் சேர்ந்து போடலாம், அல்லது ஒருவர் மட்டும் போடலாம். சேர்ந்து போட்டால் யாருக்கும் யாரும் கடிதம் சேர்ப்பிக்க வேண்டிய வேலை இல்லை. தனியாகப் போட்டால், கடதாசிகளை மற்றவரின் கையில் கொடுக்க வேணும், ஆனால் நீங்களே கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. மற்றவர் நியூசிலாந்தில் இருந்தால் பதில் கொடுக்க அவருக்கு 21 நாள். அவுஸ்திரேலியாவில் என்றால் 30 நாள். இலங்கை, இந்தியா போன்ற வேறு நாடுகளில் என்றால் 50 நாள். எங்கே இருக்கிறார் என்றே தெரியாவிட்டால், தேடிப் பார்த்ததைச் சொல்லி, வேறு வழியில் அறிவிக்கக் கோர்ட்டிடம் அனுமதி கேட்கலாம். யாரும் எதிர்க்காவிட்டால் கோர்ட் பதிவாளரே கடதாசியைப் பார்த்து உத்தரவு கொடுப்பார். நீங்கள் போய் நிற்க வேண்டியதில்லை. அப்படிக் கொடுத்த உத்தரவு ஒரு மாதம் கழித்துத்தான் இறுதியாகும். அந்த ஒரு மாதத்துக்குள் மறுமணப் பதிவு வைக்காதேங்கோ. அது குற்றம். கலியாண மண்டபத்துக்கு முற்பணம் கட்டிவிட்டு என்னிடம் வந்தவர்களும் உண்டு.

கட்டணம் 200 டொலருக்குச் சற்று மேல். கட்ட வசதி இல்லையென்றால் தள்ளுபடி கேட்க ஒரு போம் இருக்கிறது. கேட்கக் கூச்சப்படாதேங்கோ. சத்தியக்கடதாசியை சமாதான நீதவான் முன் இலவசமாக முடிக்கலாம். நூலகங்களில் குறிப்பிட்ட நேரங்களில் வந்திருப்பார்கள். புக்கெகோஹியிலும் மாவட்ட நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் உங்கள் குடும்ப விண்ணப்பத்தை எந்தக் கோர்ட்டில் கொடுப்பது என்று 0800 268 787க்கு எடுத்துக் கேட்டுவிட்டுப் போங்கோ. பஸ் காசு மிச்சம்.

பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இருந்தால், அவர்கள் எங்கே யாரோடு இருப்பார்கள், செலவு எப்படி என்று கோர்ட் கேட்டுத் திருப்திப்படும். ஏற்பாடு சரியாக இல்லாவிட்டால் உத்தரவு கிடைக்காது. பெற்றோருக்கு இலவச வகுப்பு ஒன்று நடத்துகிறார்கள், பிரிந்த பிறகு பிள்ளையை எப்படி வளர்ப்பது என்று. பிள்ளையைச் சொல்லாமல் நாட்டை விட்டுக் கொண்டுபோய்விடுவார் என்று பயம் இருந்தால், அதைத் தடுக்கக் கோர்ட் உத்தரவு கேட்கலாம். இந்தியா சர்வதேசப் பிள்ளைக் கடத்தல் உடன்படிக்கையில் சேராத நாடு, கொண்டுபோன பிறகு திருப்பி எடுப்பது மிகக் கடினம். முந்திச் செய்யுங்கோ.

இனி உண்மையில் சட்டத்தரணி தேவைப்படும் இடம். விண்ணப்பிக்க ஒருவராவது நியூசிலாந்தை டொமிசைலாகக் கொண்டிருக்க வேணும். இது விசா இல்லை. பி.ஆர். இல்லை. இங்கே இருந்துகொண்டு, இங்கேயே காலவரையறையின்றி வாழும் எண்ணம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அகதிக் கோரிக்கை முடிவாகாமல் இருக்கிறவருக்கு இது பொருந்துமா? நான் பதில் சொல்லக்கூடாத கேள்வி அது. ஆனால் ஒன்று, மனைவியின் டொமிசைல் கணவனோடு ஒட்டிக்கொண்டது என்ற பழைய விதி இங்கே இல்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை எடுத்துவிட்டது. அவர் கொழும்பில் இருந்தாலும் நீங்கள் புக்கெகோஹியில் உங்கள் பெயரில் டொமிசைல் கொண்டிருக்கலாம். அகதிகளுக்கான 1951ஆம் ஆண்டுச் சாசனமும், அகதி ஒருவர் இருக்கும் நாட்டின் நீதிமன்றங்களை அணுக உரிமை உள்ளவர் என்கிறது.

விவாகச் சான்றிதழ் வேணும். தமிழில் அல்லது சிங்களத்தில் இருந்தால் முறையான ஆங்கில மொழிபெயர்ப்பும் வேணும். சான்றிதழ் இல்லையென்றால் தூதரகத்துக்கு ஓடாதேங்கோ! உங்கள் அரசாங்கத்துக்குப் பயந்து ஓடிவந்தேன் என்று சொல்லிக்கொண்டு அதே அரசாங்கத்தின் வாசலில் போய் நின்றால், அதைக் கோரிக்கையில் கேட்பார்கள். நம்பிக்கையான சொந்தக்காரர் ஒருவர் பிரதேச செயலகத்தில் பிரதி எடுத்து அனுப்ப முடியுமா என்று பாருங்கோ. அதுவும் அவருக்கு ஆபத்து இல்லையென்றால் மட்டும். முடியாவிட்டால் ஏன் முடியாது என்று சத்தியக்கடதாசியில் எழுதலாம். கோயிலில் தாலி கட்டினது மட்டும், பதிவில்லை என்றால்? இலங்கையில் வழக்கப்படி நடந்த திருமணம் பதியாவிட்டாலும் செல்லுபடியாகலாம். ஆகவே "பதியாத கலியாணம்தானே, விவாகரத்துத் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதேங்கோ. கேட்டுத் தெளியுங்கோ.

ஒரு அக்கா இங்கே வந்த புதிதில் என்னிடம் கேட்டார். கணவர் 2009இல் முள்ளிவாய்க்காலில் காணாமல் போனவர். "நான் விவாகரத்து எடுத்தால் அவரைச் செத்துப்போனார் என்று சொன்னதாகுமோ?" என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. பிறகு சட்டத்தரணியிடம் கூட்டிக்கொண்டு போனேன். இலங்கையில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமல் போனவருக்கு மரணச் சான்றிதழ் கொடுத்தார்கள். 2016இல் அதைத் திருத்தி, இறந்தார் என்று சொல்ல மனமில்லாத குடும்பங்களுக்குக் காணாமல் போனமைக்கான சான்றிதழ் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது, திருமணத்தை முடித்து வைக்காது. விவாகரத்தும் யாரையும் செத்தவர் என்று சொல்வதில்லை. பிரிந்து வாழ்கிறோம் என்று மட்டுமே சொல்கிறது. அந்த அக்கா இன்னும் விண்ணப்பிக்கவில்லை. அது அவவின் முடிவு. நான் அவசரப்படுத்தவும் இல்லை.

இந்தியாவில் இருந்து வந்தவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. 1991இல் நரசிம்மராவ் எதிர் வெங்கடலட்சுமி என்ற வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது இது: உங்கள் திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்தில் வெளிநாட்டில் எடுத்த விவாகரத்து, மற்றவர் மனமொத்துக் கலந்துகொள்ளாவிட்டால், இந்தியாவில் செல்லாது. இங்கே இரண்டு வருடப் பிரிவுதான் காரணம். ஆகவே இந்து விவாகச் சட்டப்படி கட்டினவர்கள் முடிந்தால் இருவரும் சேர்ந்து விண்ணப்பியுங்கோ. இல்லாவிட்டால் இங்கே மறுமணம் செய்தவர் சென்னையில் இன்னும் பழைய துணையோடு கட்டுண்டவராகவே இருப்பார்.

சொத்து பற்றிச் சுருக்கமாக. மூன்று வருடத்துக்கு மேல் நீடித்த திருமணம் என்றால் குடும்பச் சொத்து பொதுவாகப் பாதிப் பாதி. ஆனால் நியூசிலாந்தின் சட்டம் ஊரில் உள்ள காணி, வீட்டைத் தொடாது. யாழ்ப்பாணத்துக் காணிக்குத் தேசவழமை, அங்கேயே பார்க்க வேண்டிய விசயம். இங்கே உள்ளதற்கு, விவாகரத்து இறுதியான நாளில் இருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் கேட்க வேணும். ஒப்பந்தம் எழுதினால் இருவருக்கும் தனித்தனிச் சட்டத்தரணி இருக்க வேணும். "என்ரை லோயரே இரண்டு பேருக்கும் எழுதுவார்" என்று சொன்னால் கையெழுத்து வைக்காதேங்கோ.

சட்டத்தரணியை எப்படிப் பிடிப்பது? எதிர்ப்பு இல்லாத விவாகரத்துக்குப் பலர் சட்டத்தரணி இல்லாமலே போம் நிரப்பிக் கொடுக்கிறார்கள். பிள்ளை, சொத்து, பாதுகாப்பு உத்தரவு, டொமிசைல் என்று வந்தால் ஆள் தேவை. அரசாங்கச் சட்ட உதவிக்கு 0800 253 425. உங்கள் வருமானத்தையும் விசயத்தையும் பார்த்துத் தீர்மானிப்பார்கள். அது சில வேளை திருப்பிக் கட்ட வேண்டிய கடனாகவும் இருக்கும், முதலிலேயே கேளுங்கோ. பாதுகாப்பு உத்தரவு கேட்பவர் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. நாடு முழுக்க 24 சமூகச் சட்ட நிலையங்கள் இருக்கின்றன, அங்கே ஆலோசனை இலவசம். சிற்றிசன்ஸ் அட்வைஸ் பீரோ, 0800 367 222, எந்த வாசலைத் தட்டுவது என்று சொல்வார்கள்.

முதற் சந்திப்பிலேயே கேளுங்கோ: சட்ட உதவி எடுப்பீர்களா? தமிழ் மொழிபெயர்ப்பாளர் கிடைக்குமா? என்ன செலவு, எழுத்தில் தருவீர்களா? மொழிபெயர்ப்பாளர் உங்கள் ஊர்க்காரர் என்றோ, கணவரின் சிநேகிதர் என்றோ தெரிந்தால், வேறு ஆள் வேண்டும் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. மகளை மொழிபெயர்ப்புக்குக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ. பத்து வயதுப் பிள்ளை தாய் அடி வாங்கின கதையைத் தன் வாயால் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமா? கடை மேசையில் இருந்து "இரண்டாயிரம் தாங்கோ, எல்லாம் முடித்துத் தாறன்" என்பவரிடம் ரசீது கேட்டுப் பாருங்கோ. பெரும்பாலும் அதோடு ஆளைக் காண மாட்டீர்கள்.

வெளியில் உங்கள் விலாசம் போகக் கூடாது என்றால் முதல் நாளே சட்டத்தரணியிடம் சொல்லுங்கோ. கடதாசியில் அவருடைய அலுவலக விலாசத்தைப் போடலாம். கணவன் வீட்டில் இருக்கும்போது இந்தச் செய்திமடலை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டாம் என்று தோன்றினால், இங்கேயே வைத்து வாசியுங்கோ.

இப்பவே ஆபத்து என்றால் 111. தமிழ் என்று மட்டும் சொல்லிவிட்டு லைனில் நில்லுங்கோ. பெண்கள் புகலிடத்துக்கு 0800 733 843. ஆசிய, ஆபிரிக்க, மத்திய கிழக்குப் பெண்களுக்காக 1995இல் ஓக்லாந்தில் தொடங்கிய சக்தி அமைப்புக்கு 0800 742 584, இரவும் பகலும் எடுக்கலாம். ஆண்கள் யாருக்காவது வீட்டில் அடி விழுகிறது என்றால் அவர்களும் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், சிரிக்காதேங்கோ.

என்னிடம் வருபவர்கள் விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அகதிக் கோரிக்கைக்குக் கொடுத்த வாக்குமூலத்தின் பிரதி, பிரிந்த தேதி எழுதின கொப்பி, இந்த நாலையும் கொண்டு வாங்கோ. இல்லாதவர்கள் இருப்பதைக் கொண்டு வாங்கோ. தேத்தண்ணி அந்தப் பக்கம் இருக்கிறது. தனியாகக் கதைக்க விரும்புபவர்கள் மற்றவர்கள் போகும் வரை நில்லுங்கோ, நான் கடைசி ரெயினுக்குத்தான் போறன்.